அடி ஆறிவிட்டது, காதில் சத்தம் மட்டும் நிற்கவில்லை: தலைக் காயத்துக்குப் பின் வரும் காதிரைச்சல் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஒரு சூழலை நினைத்துப் பாருங்கள். உங்களுக்கு 24 வயது. செம்பனை ஆலையில் மாலை ஷிப்ட் முடித்து, மோட்டாரில் புக்கிட் ரோத்தான் பக்கம் வீடு திரும்புகிறீர்கள். குறுக்கே ஒரு நாய் ஓடி வர, பிரேக் பிடித்ததும் வண்டி சறுக்குகிறது. ஹெல்மெட் தரையில் மோதி விரிசல் விடுகிறது. மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, "மூளையில் ரத்தக் கசிவு இல்லை, வீட்டுக்குப் போகலாம்" என்கிறார்கள். ஐந்து நாள் எம்.சி. கிடைக்கிறது. அம்மா சாமிக்குத் தேங்காய் உடைக்கிறார்.

மூன்றாவது நாள் இரவு எல்லோரும் தூங்கிவிடுகிறார்கள். விளக்கை அணைத்ததும் காதுக்குள் "ஈஈஈ" என்று ஒரு சத்தம் கேட்கிறது. சில்வண்டு என்று நினைத்து ஜன்னலைச் சாத்துகிறீர்கள். சத்தம் போகவில்லை. காதைப் பொத்தினால் இன்னும் கூடுகிறது. அந்தச் சத்தம் வெளியில் இல்லை, உங்களுக்குள் இருக்கிறது.

இதன் பெயர் டின்னிடஸ், தமிழில் காதிரைச்சல். உயிருக்கு ஆபத்தானது என்று சொல்ல முடியாது. ஆனால் தூக்கத்தையும் வேலையையும் குடும்பத்தில் பேச்சையும் மெல்ல மெல்ல அரிக்கக்கூடியது. வெளியே ஒரு கீறல்கூடத் தெரியாது என்பதால், "சும்மா லீவு வாங்க நடிக்கிறான்லா" என்ற பேச்சையும் சேர்த்தே தாங்க வேண்டியிருக்கும்.

இது ஏன் வருகிறது, எப்போது பயப்பட வேண்டும், என்ன செய்யலாம், உங்கள் உரிமை என்ன? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

காதிரைச்சல் எவ்வளவு பேருக்கு இருக்கிறது?

நீங்கள் நினைப்பதைவிட அதிகம். 2022-இல் ஜாமா நியூராலஜி மருத்துவ இதழில் வெளியான ஓர் ஆய்வு, பல நாடுகளின் தரவுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தது. உலகில் வயது வந்தவர்களில் சுமார் 14 விழுக்காட்டினர், அதாவது 74 கோடிக்கும் அதிகமானோர், ஏதோ ஒரு கட்டத்தில் இதை அனுபவித்திருக்கிறார்கள் என்பது அதன் கணக்கு. கடுமையான பாதிப்பு உள்ளவர்கள் மட்டும் 12 கோடிக்கு மேல்.

அமெரிக்காவில் முன்னாள் ராணுவ வீரர்கள் உதவித்தொகை பெறும் பாதிப்புகளில் எண்ணிக்கையில் முதலிடம் காதிரைச்சலுக்குத்தான். 'ஸ்டார் டிரெக்' நடிகர் வில்லியம் ஷாட்னர், படப்பிடிப்பில் நடந்த ஒரு வெடிப்புக்குப் பிறகு பல ஆண்டுகள் இதனோடு போராடியதைப் பொதுவெளியில் பேசியிருக்கிறார்.

இன்னொரு சுவாரஸ்யமான தகவலும் உண்டு. 1953-இல் ஹெல்லர், பெர்க்மன் என்ற இரு ஆய்வாளர்கள், காது நன்றாகக் கேட்கும் 80 பேரைச் சத்தமே நுழையாத ஓர் அறையில் உட்கார வைத்தார்கள். சில நிமிடங்களில் அவர்களில் 94 விழுக்காட்டினர் ஏதோ ஒரு சத்தம் கேட்பதாகச் சொன்னார்கள். அப்படியென்றால், முழு அமைதி கிடைத்தால் நம் எல்லோருடைய மூளையும் கொஞ்சம் 'சத்தம்' போடும். காதிரைச்சல் உள்ளவர்களுக்கு அந்த வால்யூம் குறையாமல் மாட்டிக்கொள்கிறது.

தலையில் அடிபட்டால் காதில் ஏன் சத்தம்?

நம் காதின் ஆழத்தில் நத்தை ஓடு போலச் சுருண்ட ஓர் உறுப்பு இருக்கிறது. பெயர் காக்ளியா. அதற்குள்ளே மிக நுண்ணிய முடி செல்கள் இருக்கின்றன. அதிர்வை மின் சமிக்ஞையாக மாற்றி மூளைக்கு அனுப்புவது இவைதான். மனிதர்களுக்கு இந்தச் செல்கள் ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை.

தலை தரையில் மோதும்போது பல இடங்களில் பாதிப்பு நேரலாம். காதை ஒட்டிய எலும்பில் விரிசல் விழலாம். நடுச்செவியில் உள்ள மூன்று சின்ன எலும்புகள் இடம் விலகலாம். எலும்பு உடையாமலே உட்செவி குலுங்கி முடி செல்கள் சேதமாகலாம். கழுத்து வெட்டி இழுபட்டாலும் வரலாம், ஏனென்றால் கழுத்து, தாடை நரம்புகளுக்கும் மூளையில் கேட்கும் பகுதிக்கும் தொடர்பு உண்டு. தாடையை இறுக்கினாலோ கழுத்தைத் திருப்பினாலோ உங்கள் சத்தம் மாறுகிறதா? அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள், அது ஒரு நல்ல துப்பு.

சரி, காதில்தானே சேதம், சத்தம் ஏன் உருவாக வேண்டும்? காதிலிருந்து வரும் சமிக்ஞை குறைந்ததும் மூளை அதை ஈடுகட்டத் தன் உணர்திறனைக் கூட்டிக்கொள்கிறது என்பதே இன்று பரவலாக ஏற்கப்படும் விளக்கம். ரேடியோவில் ஸ்டேஷன் கிடைக்காதபோது வால்யூமைத் திருகினால் வெறும் இரைச்சல் கேட்குமே, கிட்டத்தட்ட அதுதான். கால் அகற்றப்பட்டவருக்கு இல்லாத காலில் வலி தெரிவதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். இதுவும் அதன் உறவுதான். கேட்கும் நரம்பையே அறுத்த பிறகும் பலருக்குச் சத்தம் நின்றதில்லை என்பது இதற்கு ஒரு சான்று.

இதை வட சிலாங்கூரில் ஏன் பேச வேண்டும்?

நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் எங்கே தொடங்கியது தெரியுமா? 1917-இல், இதே கோல சிலாங்கூர் மாவட்டத்தில், ஹென்ரி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் நடத்திய தென்னமரம் எஸ்டேட்டில். பெயரிலேயே தமிழ் இருக்கிறது. பாத்தாங் பெர்ஜுந்தை என்று நம் தாத்தா பாட்டி சொன்ன ஊர் பெஸ்தாரி ஜெயா ஆகிவிட்டது. பல லயங்கள் காலியாகிவிட்டன. ஆனால் செம்பனையும் ஆலையும் மோட்டாரும் இன்னும் இருக்கின்றன.

தலைக்கு ஆபத்து இந்த மூன்றிலிருந்தும் வருகிறது. முதிர்ந்த மரத்தின் குலை 20 கிலோவைத் தாண்டலாம். உயரத்திலிருந்து அதுவோ மட்டையோ தவறி விழுந்தால் ஹெல்மெட் போட்டிருந்தாலும் அதிர்வு அதிர்வுதான். தோட்டத்திலிருந்து ஆலைக்கும், ஐந்தாம் எண் கூட்டரசு சாலை வழியாகக் கிள்ளான் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கும் போக மோட்டாரை விட்டால் பலருக்கு வழியில்லை. மலேசியச் சாலைகளில் உயிரிழப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். பிழைத்து வருபவர்களில் எத்தனை பேர் காதில் சத்தத்தோடு வீடு திரும்புகிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

மூன்றாவது, ஏற்கெனவே இருக்கும் சத்தம். ஆலை இயந்திரங்கள், புல் வெட்டும் மெஷின், டிராக்டர். நெடுஞ்சாலை வேகத்தில் ஹெல்மெட்டுக்குள் காற்று எழுப்பும் சத்தமே 90 டெசிபலைத் தாண்டும். விபத்துக்கு முன்பே கொஞ்சம் தேய்ந்த காதில்தான் பலருக்கு அடி விழுகிறது.

எப்போது உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்?

தலையில் அடிபட்ட பிறகு கீழே சொல்லும் எதுவும் இருந்தால் காத்திருக்காதீர்கள்:

- காதிலிருந்தோ மூக்கிலிருந்தோ தண்ணீர் போலத் திரவமோ ரத்தமோ வடிவது
- காதுக்குப் பின்னால் கன்றிப்போவது
- முகத்தின் ஒரு பக்கம் கோணுவது
- திடீரென ஒரு காது கேட்காமல் போவது
- நிற்க முடியாத தலைச்சுற்றல், ஓயாத வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, குழப்பம்
- நாடித் துடிப்போடு சேர்ந்து "உஷ்... உஷ்..." என்று கேட்பது, அதோடு கண் சிவந்து பிதுங்குவது

கடைசியில் சொன்னது மூளையை ஒட்டிய ரத்தக் குழாய் பாதிப்பாக இருக்கலாம். திடீர்க் காது கேளாமைக்கும் நேரம் முக்கியம். ஸ்டீராய்டு சிகிச்சை தேவைப்பட்டால் முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்குவதுதான் பலன் தரும்.

இன்னொரு விஷயம். பூண்டு காய்ச்சிய எண்ணெயைக் காதில் விடுவது நம் வீடுகளில் பழைய கைவைத்தியம். தலையில் அடிபட்டவருக்கு அதைச் செய்யவே வேண்டாம். செவிப்பறை கிழிந்திருந்தால் எண்ணெய் நேராக நடுச்செவிக்குப் போகும்.

ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்கிறார்களே?

இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். அவசரப் பிரிவில் எடுக்கும் ஸ்கேன் தேடுவது ரத்தக் கசிவையும் எலும்பு முறிவையும். முடி செல்லின் சேதம் அதில் தெரியாது. "ஸ்கேன் கிளியர்" என்றால் உயிருக்கு உடனடி ஆபத்து இல்லை என்று அர்த்தம், காது நன்றாக இருக்கிறது என்று அர்த்தம் இல்லை.

காதிரைச்சலை வெளியிலிருந்து அளக்கும் கருவியும் இல்லை. ஆடியோலஜிஸ்ட் வேறு வேறு ஒலிகளைக் கேட்க வைத்து, உங்களுக்குள் கேட்பது எதைப் போல இருக்கிறது என்று ஒப்பிட முடியும். ஆனால் அப்படி அளந்த ஒலியின் அளவுக்கும் ஒருவர் படும் துன்பத்துக்கும் நேரடித் தொடர்பு இல்லை. சிறிய சத்தம் ஒருவரின் தூக்கத்தைக் கெடுக்கலாம், பெரிய சத்தத்தோடு இன்னொருவர் நிம்மதியாக வேலைக்குப் போகலாம். "அவ்வளவு சத்தமா கேக்குது?" என்பதைவிட "தூங்க முடியுதா?" என்பதே சரியான கேள்வி.

இங்கே ஒரு மொழிப் பிரச்சினையும் இருக்கிறது. "தலை ஒரு மாதிரியா இருக்கு டாக்டர்" என்று உங்கள் அப்பா சொன்னால், அது குறிப்பில் தலைவலி என்று பதிவாகும். மலாயில் இதற்குத் தெளிவான சொல் உண்டு: "தெலிங்கா பெர்டெசிங்". எந்தக் காது, எந்த நாளிலிருந்து, விபத்துக்கு முன் இருந்ததா இல்லையா, இந்த மூன்றையும் அதோடு சேர்த்துச் சொல்லுங்கள். நீங்கள் இரண்டு மூன்று மொழி பேசுபவர் என்றால், அப்பாவோடு கிளினிக்குக்குப் போய் இதை மொழிபெயர்த்துச் சொல்வதே பெரிய உதவி.

முதல் வருகையிலேயே சொல்லி, குறிப்பில் எழுத வைக்க வேண்டும். ஆறு மாதம் கழித்து "விபத்திலிருந்தே இருக்கு" என்று சொன்னால், ஆவணத்தில் அது இல்லை என்ற பதில்தான் வரும்.

எங்கே போவது? அரசாங்க சுகாதார கிளினிக்கில் தொடங்கலாம், மலேசியர்களுக்குக் கட்டணம் 1 ரிங்கிட். அங்கிருந்து காது, மூக்கு, தொண்டை நிபுணரிடம் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். மாவட்டத்தில் தஞ்சோங் காராங் மருத்துவமனை இருக்கிறது. கூடுதல் நிபுணத்துவத்துக்குச் சுங்கை பூலோவுக்கோ கிள்ளானுக்கோ அனுப்பக்கூடும். தூரம்தான், ஆனால் ஆடியோகிராம் எனும் செவித்திறன் சோதனையைத் தள்ளிப் போடாதீர்கள்.

பெர்கேசோவில் இதற்கு இடம் உண்டா?

நம் பெற்றோர் இன்றும் சொக்சோ என்று சொல்லும் பெர்கேசோ, 1969-ஆம் ஆண்டு தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் இயங்குகிறது. வேலை இடத்தில் நடக்கும் விபத்து மட்டுமல்ல, வீட்டுக்கும் வேலைக்கும் இடையே நேர் வழியில் போகும்போது நடக்கும் விபத்தும் அதில் அடங்கும். வழியில் வேறு எங்காவது விலகிப் போயிருந்தால் சிக்கல் வரலாம். அதனால் போலீஸ் புகாரில் எங்கிருந்து எங்கே போனீர்கள் என்பது தெளிவாக இருக்கட்டும்.

விபத்து பற்றித் தெரிந்த 48 மணி நேரத்துக்குள் முதலாளி பெர்கேசோவுக்குத் தெரிவிக்க வேண்டும். எம்.சி. குறைந்தது 4 நாள் இருந்தால், தற்காலிக ஊனப் பலனாக அனுமானிக்கப்பட்ட சராசரி தினச் சம்பளத்தில் 80 விழுக்காடு கிடைக்கும். பாதிப்பு நிரந்தரம் என்றால் மருத்துவக் குழு மதிப்பிடும். அதன் முடிவில் உடன்பாடு இல்லையென்றால் மேல்முறையீட்டு மருத்துவக் குழுவுக்குப் போகலாம்.

சிக்கல் மதிப்பீட்டில் வருகிறது. "இது விபத்தால் வந்ததா, பல வருட ஆலைச் சத்தத்தால் வந்ததா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். இரண்டுமே உயர் ஒலிகளைக் கேட்கும் திறனைத்தான் முதலில் பாதிக்கும், ஆடியோகிராமை மட்டும் பார்த்துப் பிரிப்பது சுலபமில்லை.

இதற்கு ஒரு பதில் சட்டத்திலேயே இருக்கிறது. 2019 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ள வேலையிட சத்த விதிமுறைகள், ஒரு நாள் சத்த வரம்பை 90-லிருந்து 85 டெசிபலாகக் குறைத்தன. அந்த வரம்பைத் தாண்டிய சூழலில் வேலை செய்பவருக்கு முதலாளி செவித்திறன் சோதனை செய்ய வேண்டும். அப்படிச் செய்த பழைய சோதனை முடிவு இருந்தால், அதுதான் உங்கள் காதின் 'விபத்துக்கு முந்தைய படம்'. பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்தால், அடி எதை மாற்றியது என்பது தெரியும். விபத்து நடக்கும் வரை காத்திருக்க வேண்டாம். ஆலையில் வேலை செய்கிறீர்கள் என்றால் உங்கள் சோதனை முடிவின் நகலை இன்றே கேட்டு, ஃபோனில் படம் பிடித்து வையுங்கள்.

ஒப்பந்தக்காரரிடம் வேலை செய்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: உங்கள் பெயரில் சந்தா கட்டப்படுகிறதா? சம்பளச் சீட்டில் பிடித்தம் காட்டினால் மட்டும் போதாது, பெர்கேசோவிடமே கேட்டு உறுதி செய்யுங்கள். உணவு டெலிவரி செய்பவர்களுக்கு 2017-ஆம் ஆண்டு சுயதொழில் சமூகப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. 2025 ஆகஸ்டில் மக்களவை நிறைவேற்றிய கிக் தொழிலாளர் மசோதாவும் இந்தப் பாதுகாப்பை வலுப்படுத்தும் நோக்கம் கொண்டதே. வெளிநாட்டுத் தொழிலாளர்களும் 2019 முதல் வேலை விபத்துப் பாதுகாப்புக்குள் வந்துவிட்டார்கள். பக்கத்து வரிசையில் குலை வெட்டும் நண்பருக்கும் இதைச் சொல்லுங்கள்.

மருந்து இருக்கிறதா?

நேரடியாகச் சொல்லிவிடுவோம்: காதிரைச்சலை நிறுத்தும் மாத்திரை இன்று இல்லை. ஆன்லைனில் விற்கும் 'காதிரைச்சல் கேப்சூல்' எதற்கும் அந்தச் சக்தி நிரூபிக்கப்படவில்லை. ஜிங்கோ பிலோபாவைப் பரிந்துரைக்க வேண்டாம் என்று அமெரிக்கக் காது மருத்துவர் அமைப்பு 2014 வழிகாட்டியிலேயே சொல்லிவிட்டது.

ஆனால் "ஒண்ணும் செய்ய முடியாது, பழகிக்கோ" என்பதும் உண்மை இல்லை. செவித்திறன் குறைந்திருந்தால் காது கேட்கும் கருவி பலருக்கு உதவுகிறது. வெளிச் சத்தம் நன்றாகக் கேட்கத் தொடங்கியதும் உள்சத்தம் பின்னால் போகிறது. நடுச்செவி எலும்பு விலகியிருந்தால் அறுவை சிகிச்சையில் சரிசெய்ய வாய்ப்பு உண்டு. கழுத்து காரணம் என்றால் பிசியோதெரபி உதவலாம்.

அதிக ஆதாரம் உள்ள சிகிச்சை சிபிடி எனப்படும் அறிதல் சார்ந்த நடத்தைச் சிகிச்சை. 2020-இல் காக்ரேன் அமைப்பு 28 ஆய்வுகளை, 2,700-க்கும் மேற்பட்டவர்களின் விவரங்களை அலசியது. சிபிடி சத்தத்தை நிறுத்துவதில்லை, ஆனால் அது வாழ்க்கையைக் கெடுக்கும் அளவைக் குறைக்கக்கூடும் என்பது அதன் முடிவு. "அப்ப எனக்கு மனநோயா?" என்று கேட்காதீர்கள். சத்தம் நிஜம். அதை ஆபத்து என்று மூளை எடுத்துக்கொண்டு அலறுகிறது. பயந்தால் கவனம் கூடும், கவனித்தால் சத்தம் பெரிதாகும், பெரிதானால் இன்னும் பயம் வரும். அந்தச் சுற்றை உடைப்பதுதான் இந்தச் சிகிச்சையின் வேலை.

இன்று இரவு என்ன செய்யலாம்?

முழு அமைதியில் படுக்காதீர்கள். மின்விசிறி, மெல்லிய மழைச் சத்தம், ரேடியோ ஏதாவது ஒன்று ஓடட்டும். உள்சத்தத்தை மூழ்கடிக்கும் அளவுக்கு வேண்டாம், அதைவிடக் கொஞ்சம் குறைவாக இருந்தால் போதும். மூளை இரண்டையும் கலந்து பழகும்.

இயர்போனில் வால்யூமைக் கூட்டிச் சத்தத்தை மறைக்கப் பார்க்காதீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம்தான் பாதுகாப்பு எல்லை. ஆலையில் காதுக் கவசம் போடுங்கள். ஆனால் பயந்துகொண்டு வீட்டிலும் காதை அடைத்து வைக்காதீர்கள், அது உள்சத்தத்தைத்தான் பெரிதாக்கும். தூக்கமின்மையும் மன அழுத்தமும் சத்தத்தைக் கூட்டும் என்பதால் படுக்கும் நேரத்தை ஒழுங்குபடுத்துங்கள். வலிக்கு மாத்திரை எடுக்கும் முன் மருத்துவரைக் கேளுங்கள். அதிக அளவு ஆஸ்பிரின் காதிரைச்சலைத் தூண்டும், தலைக் காயத்துக்குப் பிறகு ரத்தக் கசிவு ஆபத்தும் உண்டு.

மனம் மிகவும் சோர்ந்து, "இப்படியே வாழ முடியாது" என்ற எண்ணம் வந்தால் தனியாக இருக்க வேண்டாம். பெஃப்ரெண்டர்ஸ் 03-7627 2929, சுகாதார அமைச்சின் ஹீல் சேவை 15555. பேசுவதற்கு ஆள் இருக்கிறார்கள்.

வீட்டில் ஒருவருக்கு இருந்தால்?

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே" என்று சொல்லாதீர்கள். உங்களுக்குக் கேட்காது, அதுதான் இந்த நோயின் குணம். டிவி சத்தத்தில் அப்பா எரிந்து விழுந்தால், நாலு பேர் பேசும் இடத்தில் அண்ணன் எழுந்து போனால், அது கோபமாகவே இருக்க வேண்டும் என்றில்லை. நேருக்கு நேர் பார்த்து, ஒருவர் ஒருவராகப் பேசிப் பாருங்கள்.

நல்ல செய்தியும் உண்டு. தலையில் லேசான அடிபட்டவர்களில் பலருக்கு மற்ற அறிகுறிகளோடு இதுவும் சில வாரங்களில், மாதங்களில் தணிகிறது. தணியாதவர்களிலும் பெரும்பாலோர் காலப்போக்கில் அதைக் கவனிக்காமல் இருக்கப் பழகுகிறார்கள். சத்தம் அங்கேயே இருக்கும், ஆனால் வாசலில் ஓடும் மோட்டாரைப் போல, நினைத்தால்தான் கேட்கும்.

கம்போங் குவாந்தானுக்கு மின்மினி பார்க்க வருபவர்கள், ஆற்றின் அந்த அமைதியை விரும்பித்தான் துடுப்புப் படகில் ஏறுகிறார்கள். அதே மாவட்டத்தில் சிலருக்கு அமைதி என்று ஒன்று இப்போது இல்லை. அவர்களுக்கு அதை யாராலும் நாளையே திருப்பித் தர முடியாது. ஆனால் முதல் நாளே ஒரு மருத்துவக் குறிப்பு, ஒரு ஆடியோகிராம், நம்பிக் கேட்கும் ஒரு ஆள், இந்த மூன்றையும் இன்றே தர முடியும். உங்கள் வீட்டில், உங்கள் வரிசையில், உங்கள் ஷிப்டில் யாராவது தலையில் அடிபட்டு வந்தால், "வலிக்குதா?" என்று கேட்ட பிறகு இன்னொன்றையும் கேளுங்கள்: "காதுல ஏதும் சத்தம் கேக்குதா?"